சுற்றுப்பாதையில் ஏறியவர்கள் கேட்கிறார்கள்

விண்கலம் ஓட்டும் கணினிச் சிமுலேட்டர்கள் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குழப்பத்தின் கிளைகள். விண்கலம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுவது ஒரு வேலை. அங்கிருந்து பூமி எப்படித் தெரியும் என்று வரைவது வேறு வேலை. சிமுலேட்டருக்குள் இரண்டையும் தனித்தனி நிரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஒன்று சறுக்கினால் நாம் மற்றதைத் திட்டுகிறோம்.

கேள்வி: ஃபிளைட்கியர் என்ற விமானச் சிமுலேட்டரில் விண்ணோடத்தை 400 கி.மீ. உயரத்துக்குக் கொண்டுபோனேன். கீழே பூமியையே காணோம், ஏதோ மங்கலான பரப்புதான். நிலப்பரப்புத் தரவை மறுபடி இறக்க வேண்டுமா?

வேண்டாம். தரவு நன்றாகவே இருக்கிறது, ஆனால் அது இந்த உயரத்துக்கு உரியதல்ல. பயணிகள் விமானம் பறக்கும் 10 கி.மீ. உயரத்தில் தொடுவானம் சுமார் 357 கி.மீ. தொலைவில் இருக்கும். 400 கி.மீ. உயரத்தில் அது ஏறக்குறைய 2,300 கி.மீ. ஆகிவிடுகிறது, சுற்றிலும் கண்ணுக்கு எட்டும் பரப்பு ஒன்றரைக் கோடி சதுர கி.மீ. அத்தனையையும் ஓடுபாதை, மரம், வீடு சகிதம் ஏற்றச் சொன்னால் எந்தக் கணினியும் படுத்துவிடும். அதற்காகத்தான் எர்த்வியூ என்ற தனி ஏற்பாடு. மெனுவில் அதை இயக்கினால் வழக்கமான நிலப்பரப்பு விலகி, செயற்கைக்கோள் படங்களைப் போர்த்திய ஒரு கோளமும் அதன்மேல் மேக உறையும் வரும்.

கேள்வி: எர்த்வியூவை இயக்கினேன். கடற்கரைகள் எல்லாம் நனைந்த ஓவியம்போல் கலங்கித் தெரிகின்றன. எத்தனை பெரிய படம் போட்டால் தெளியும்?

கணக்கை நீங்களே போடலாம். பூமிப்படம் எட்டுச் சதுரங்களாக, குறுக்கே நான்கும் நெடுக்கே இரண்டுமாக வெட்டப்பட்டிருப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 2,048 பிக்சல் அகலம் என்றால், 40,075 கி.மீ. நிலநடுக்கோடு மொத்தம் 8,192 பிக்சலில் அடங்க வேண்டும். ஒரு பிக்சலுக்குக் கிட்டத்தட்ட 5 கி.மீ. இதே சதுரம் 16,384 பிக்சல் ஆனால் 600 மீட்டர் அளவுக்கு இறங்கும். நாசாவின் புளூ மார்பிள் நெக்ஸ்ட் ஜெனரேஷன் படங்கள் 500 மீட்டர் நுணுக்கம் கொண்டவை.

உங்கள் திரை என்ன கேட்கிறது? 400 கி.மீ. உயரத்திலிருந்து நேர் கீழே, 60 பாகைப் பார்வையில், 1,920 பிக்சல் அகலத் திரையில் ஒரு பிக்சலுக்குச் சுமார் 240 மீட்டர். ஆகவே அந்த நாசா படமும் சற்றே இழுபடத்தான் செய்யும். இதற்கு மேல் கிராபிக்ஸ் அட்டையின் நினைவகம் குறுக்கே நிற்கிறது. 16,384 பிக்சல் சதுரம் ஒன்று சுருக்கப்படாமல் 1 ஜிகாபைட் கேட்கும், எட்டுக்கு எட்டு. சுருக்கிய வடிவிலேயே ஏற்றுங்கள். இடம் போதாவிட்டால் நிலப் படத்தில் குறைத்துக்கொள்ளுங்கள், மேகப் படத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். என் கண்ணுக்கு, கலங்கிய மேகம்தான் முதலில் காட்டிக்கொடுக்கிறது.

கேள்வி: விண்வெளி நிலையம் அதே பாதையில் எனக்கு 20 கி.மீ. முன்னால் போகிறது. அதை நோக்கி முடுக்கினால் இன்னும் விலகிப் போகிறது. இது நிரலின் பிழைதானே?

பிழையே இல்லை. 1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட் இதே பாடத்தைப் படித்தார். கழன்று போன ராக்கெட் அடுக்கை நோக்கி முடுக்கிப் பார்த்தார், நெருங்க முடியவில்லை, எரிபொருள்தான் கரைந்தது.

முன்னோக்கி முடுக்கினால் உங்கள் பாதையின் எதிர்ப்பக்கம் உயர்கிறது. நொடிக்கு 1 மீட்டர் வேகம் கூட்டினால் சுமார் மூன்றரை கி.மீ. உயரும். பாதை பெரிதானால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் கூடும், நீங்கள் பின்தங்குவீர்கள். எனவே முந்த வேண்டுமானால் பிரேக் போட வேண்டும்! 400 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்று சுமார் 92½ நிமிடம், அதாவது 5,550 வினாடி. இதை மூன்றால் பெருக்கி, மாற்றிய வேகத்தாலும் பெருக்குங்கள். ஒரு சுற்றில் எவ்வளவு முந்துவீர்கள் என்பது அதுதான். 1 மீட்டர் குறைத்தால் ஏறத்தாழ 16.7 கி.மீ. உங்கள் 20 கி.மீ.க்கு நொடிக்கு 1.2 மீட்டர் போதும். பின்னோக்கி அவ்வளவு தள்ளிவிட்டு, கைகட்டி ஒரு சுற்று காத்திருங்கள். நிலையம் பக்கத்தில் வந்ததும் அதே 1.2 மீட்டரை முன்னோக்கித் திருப்பிக் கொடுங்கள். கைகட்டிக் காத்திருப்பதுதான் கடினமான பகுதி. குறிதவறி நிலையத்தின் மேலேயே மோதாமலிருக்க, முதல் தடவை 19 கி.மீ.க்கு மட்டும் கணக்குப் போடுவது நல்லது.

கேள்வி: எஞ்சின் அணைந்திருக்கிறது. ஆனாலும் நேரத்தை வேகப்படுத்தினால் பாதை மாறுகிறதே?

எந்தப் பக்கம் மாறுகிறது என்று பாருங்கள். சுற்றுக்குச் சுற்று பெரிதாகிக்கொண்டே போனால் கணக்கிடும் முறையைச் சந்தேகியுங்கள். இப்போதைய வேகத்தை வைத்தே அடுத்த இடத்தைக் கணிக்கும் எளிய ஆய்லர் முறை, கணக்கின் ஒவ்வொரு நேர அடியிலும் தொடுகோட்டில் சற்று வெளியே தாவிவிடும். அடி நீளமானால் தாவலும் நீளும். ஃபிளைட்கியரின் இயக்கவியலைக் கவனிக்கும் ஜேஎஸ்பிசிம்மில் இதைவிடத் துல்லியமான ஆடம்ஸ்-பாஷ்ஃபோர்த் முறைகளை (முந்தைய அடிகளையும் சேர்த்துக் கணிப்பவை) தேர்ந்தெடுக்கலாம். பாதை சிறுத்துக்கொண்டே போனால் காற்றின் இழுவையையும், கலத்தைத் திருப்பத் தானாகவே இயங்கும் சிறு உந்திகளையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: சொந்தமாக ஒரு சிறு சிமுலேட்டர் எழுதுகிறேன். சுற்றுப்பாதையில் விமானி அறை முழுவதும் நடுங்குகிறது.

பூமியின் மையத்திலிருந்து அளந்த தொலைவுகளை 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில் (ஏறக்குறைய ஏழு இலக்கங்களே துல்லியமாகக் கொள்ளும் தசம எண் வடிவம்) வைத்திருக்கிறீர்கள். 64 லட்சம் மீட்டர் தொலைவில் அந்த எண் அரை மீட்டர் படிகளாகத்தான் நகரும், நடுக்கம் அதுதான். இடங்களை 64 பிட்டில் வைத்து, கேமராவின் இடத்தைக் கழித்த பிறகு மட்டும் கிராபிக்ஸ் அட்டைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: பகல் பக்கத்தில் நட்சத்திரங்களே இல்லையே?

அதுவே சரி. வெயிலில் பளபளக்கும் பூமிக்கு ஏற்ப ஒளியளவை வைத்தால் கேமராவிலும் நட்சத்திரம் விழாது.

கேள்வி: ஃபிளைட்கியரா, ஆர்பிட்டர் என்ற விண்பயணச் சிமுலேட்டரா?

விமானி அறையின் ஒவ்வொரு சுவிட்சையும் தொட்டு, ஏறி, 40 பாகை மூக்கைத் தூக்கியபடி வளிமண்டலத்துக்குள் நுழைந்து, எஞ்சின் இல்லாமல் ஓடுபாதையில் இறங்க விருப்பமா? ஃபிளைட்கியர். நிலாவுக்கோ செவ்வாய்க்கோ போக வேண்டுமானால் ஆர்பிட்டர். அதன் மூலநிரல் 2021 முதல், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ள விடும் எம்ஐடி உரிமத்தில் திறந்திருக்கிறது. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். கடைசியாக மோதி நொறுக்கியது ஃபிளைட்கியரில், ஓடுபாதைக்கு 2 கி.மீ. முன்னால்.