எஞ்சின் மாற்றிய வண்டி இழுக்கவில்லையா? அண்ணாச்சியிடம் கேட்டவை

பழைய ஜீப்புக்கும் அம்பாசடருக்கும் வேறு எஞ்சின் ஏற்றும் வேலை நம் திருநெல்வேலிப் பக்கம் இன்னும் ஓயவில்லை. ஏற்றிய பிறகு "பிக்கப் இல்லை அண்ணாச்சி" என்று வந்த கேள்விகளில் சிலதை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வாங்கும்போது நன்றாக ஓடிய எஞ்சின் என்றால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற அவசரப்படாதீர்கள். கோளாறு பெரும்பாலும் எஞ்சினுக்குள் இருக்காது. எஞ்சினும் வண்டியும் சேருகிற இடத்தில்தான் இருக்கும்.

களக்காடு: பெட்ரோல் ஜீப்பில் மகேந்திரா டிஐ எஞ்சின் ஏற்றினேன். ஸ்டார்ட்டிங், ஐடிலிங் எல்லாம் அருமை. ரோட்டில் விட்டால் 50-க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. டீசல் பம்பைக் கழற்றிச் சர்வீஸுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா அண்ணாச்சி?

கொஞ்சம் பொறுங்கள். பம்ப், நாசில் என்று இறங்கினால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதற்கு முன் காசில்லாமல் பார்க்க இரண்டு சோதனை இருக்கிறது.

முதலில் ஆக்சிலேட்டர். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவரை சீட்டில் உட்கார வைத்துப் பெடலைத் தரையோடு மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பானெட்டைத் திறந்து பம்ப் லீவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். அது ஏற்கெனவே ஸ்டாப்பர் போல்ட்டில் முட்டி நிற்க வேண்டும். உங்கள் கைக்கு இன்னும் கொஞ்சம் நகர்ந்தால், நீங்கள் முழுசாக மிதிப்பது எஞ்சினுக்கு முக்கால் மிதிதான். கார்புரேட்டருக்கு அளவெடுத்த பழைய பெடலையும் ராடையும் அப்படியே இணைத்த வண்டிகளில் இது சகஜம். ராடின் நீளத்தைச் சரிசெய்தால் போதும்.

அடுத்தது டீசல் வரத்து. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பைவிட உயரமான இடத்தில், சைலன்சர் சூடு படாமல் இறுக்கிக் கட்டுங்கள். டேங்கிலிருந்து வரும் பைப்பைக் கழற்றிவிட்டு இந்தக் கேனிலிருந்து ஃபீட் கொடுங்கள். ரிட்டர்ன் பைப்பையும் கேனுக்குள்ளேயே விட்டு, அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். வண்டி பாய்ந்தால் பம்ப் மீது குற்றமில்லை. டேங்கின் அடியில் கிடக்கும் துரு, அடைத்த ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி), பெட்ரோலுக்குப் போட்ட சன்னமான பைப், தேய்ந்த காப்பர் வாஷர், இவற்றில் ஒன்று. வாஷர் பொல்லாதது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே இருந்தால் வெளியே ஒரு சொட்டுக் கசிவு தெரியாது, உள்ளே காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி ஹோஸ் போட்டு எஞ்சினை உறுமவிட்டால் காற்றுக் குமிழ் ஓடுவது கண்ணுக்கே தெரியும். இந்தக் கேன் வித்தை டீசலுக்கு மட்டும்தான். பெட்ரோலில் செய்து தீயை வரவழைக்க வேண்டாம்.

புகையையும் பாருங்கள். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசல் போதவில்லை. கறுப்பாகத் தள்ளினால் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுதி. எஞ்சின் சூடேறிய பிறகும் கண் எரிகிற வெள்ளைப் புகை வந்தால் டைமிங் (பம்ப் டீசலைப் பீய்ச்சும் நேரம்) பின்தங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பம்பைத் தொட வேண்டிய நேரம் அதுதான்.

அம்பாசமுத்திரம்: அம்பாசடரில் ஐசுசூ டீசல். மிதித்தால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை.

கிளட்ச் வழுக்குகிறது. டாப் கியரில் 40-இல் போகும்போது சட்டென்று முழுசாக மிதியுங்கள். எஞ்சின் மட்டும் தனியாகக் கத்தினால் சந்தேகமே வேண்டாம். கிளட்ச் பெடலில் ஃப்ரீ பிளே (மிதித்ததும் முதலில் வெறுமனே அழுந்தும் இடைவெளி) இருக்கிறதா, எஞ்சினின் பின் சீல் கசிந்து பிளேட்டில் ஆயில் பட்டிருக்கிறதா, பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் அந்த ஃப்ளைவீலுக்கு உரிய அளவுதானா என்று பாருங்கள். கையில் கிடைத்த பிளேட்டைப் போட்டு மூடுவது நம் ஊர்ப் பழக்கம்.

வள்ளியூர்: திருநெல்வேலி போகும்போது நன்றாக இழுக்கிறது. நாகர்கோவில் பக்கம் திரும்பினால் செத்துப்போகிறது. இது என்ன மாயம்?

எந்த மாதம் என்று எழுதவில்லையே! ஆனி, ஆடி என்றால் அது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? எதிர்காற்றில் ஜீப்பின் சப்பை முகம் என்ன பாடுபடும்! சோதனை ஓட்டத்தை ஒரே ரோட்டில் போகவும் வரவும் செய்து, இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். வேகத்தைப் போன் ஜிபிஎஸ்ஸில் பாருங்கள். கியர்பாக்ஸ் மாறிய வண்டியில் ஸ்பீடோமீட்டர் சொல்வது பொய்யாக இருக்கலாம்.

திசையன்விளை: டீசல் எஞ்சினுக்கு ஏற்ற மாதிரி ஆக்சிலில் இருக்கும் 5.38 ரேஷியோ கிரவுனை (பெரிய பல்சக்கரம்) எடுத்துவிட்டு 4.1 போட்டோம். டயரும் 28 இஞ்ச் போய் 31 வந்தது. இப்போது வண்டி நகரவே யோசிக்கிறது.

யோசிக்காமல் என்ன செய்யும் தம்பி? பழைய கிரவுனில் 43 பல், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 8. அதை 4.1 ஆக்கியதில் சக்கரத்துக்குப் போகிற இழுவை கால்வாசி குறைந்தது. பெரிய டயர் மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத் தின்றது. இரண்டையும் பெருக்கினால் முன்பு இருந்ததில் ஏறத்தாழ 69 சதவீதம்தான் மிச்சம். எஞ்சினில் என்ன வேலை பார்த்தாலும் இது திரும்பி வராது. பழைய டயரைப் போடுங்கள், அல்லது நடுவாந்தரமான ரேஷியோவில் கிரவுன்-பினியன் தேடுங்கள். ஃபோர் வீல் வண்டி என்றால் முன் ஆக்சிலுக்கும் அதே ரேஷியோ வேண்டும்.

மணிமுத்தாறு: சமவெளியில் பரவாயில்லை. மாஞ்சோலை ஏற்றத்தில் கறுப்புப் புகை, இழுவை இல்லை. டர்போ இல்லாத டீசல்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். அது இயற்கை. அதற்கு மேல் என்றால் ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ஹோஸைப் பாருங்கள். எஞ்சின் மாற்றியபோது கிடைத்த மெல்லிய ஹோஸைப் போட்டிருப்பார்கள். சூட்டில் இளகி, வேகமாக உறிஞ்சும்போது சப்பையாக ஒட்டிக்கொள்ளும், நிறுத்தினால் பழையபடி உருண்டு நிற்கும். ஓடும்போதே பார்த்தால்தான் தெரியும். பழைய சைலன்சரும் புது எஞ்சினுக்குப் போதாமல் இருக்கலாம்.

மேலப்பாளையம்: கார்புரேட்டர் மாருதி 800-இல் எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைப் பிரஷரில் பீய்ச்சும்) எஞ்சின். வெளியே ஒரு எலக்ட்ரிக் பம்ப் வைத்தோம். பாதி மிதிக்கு மேல் மூச்சு வாங்குகிறது.

பிரஷர் கேஜ் வைத்துப் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு இரண்டரை, மூன்று கிலோ பிரஷர் வேண்டும், அதுவும் மிதிக்கும்போது இறங்காமல். கார்புரேட்டருக்கென்று விற்கிற பம்ப் அரை கிலோகூடத் தராது.

பேட்டை: எல்லாம் பார்த்தாயிற்று. இன்னும் கனமாகத்தான் போகிறது.

ஓட்டி நிறுத்தியதும் நான்கு டிரம்மையும் கிட்டத்தில் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நாங்குநேரி: ஆர்சி புக்கில் பழைய எஞ்சின் நம்பர்தான் இருக்கிறது. பிரச்சினை வருமா?

வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி இப்படி மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும். பெட்ரோல் டீசலானால் எரிபொருளையும் ஆர்சியில் திருத்த வேண்டும். எஞ்சின் வாங்கிய பில்லை எடுத்துக்கொண்டு, எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) முன்பே போய்க் கேளுங்கள். பில் இல்லாத எஞ்சின் என்றால், விற்றவரிடம் இன்றைக்கே போய் நில்லுங்கள்.