அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தைப் பற்றிக் கேளுங்கள்: லிஃப்ட் முதல் மின்கார் வரை

கேள்வி: எங்கள் கட்டடத்துக்கு 12 வயது. மாதக் கட்டணத்தை ஏற்றவே இல்லை என்று சொல்லித்தான் போன தேர்தலில் ஜெயித்தோம். இப்போது லிஃப்டைப் பார்க்க வந்தவர் பெரிய செலவு இருக்கிறது என்கிறார். தப்பு பண்ணிவிட்டோமா?

பதில்: ஆமாம். லிஃப்ட் 25 ஆண்டு ஓடும் என்று வையுங்கள். வருஷத்துக்கு அதன் விலையில் 25-ல் ஒரு பங்கு தேய்கிறது. பில்தான் இன்னும் வரவில்லை. 12 வருஷம் ஏறி இறங்கியவர் வீட்டை விற்றுவிட்டுப் போவார், அவர் பங்கும் சேர்ந்து புதிதாக வாங்கியவர் தலையில் விழும்.

இனி இதை உங்கள் வீட்டுக் கணக்கு என்று யாரும் விட்டுவைக்கப் போவதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைடு என்ற ஊரில் 1981-ல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு ஒன்று. நீச்சல்குளத் தளத்தில் நீர்த்தடுப்பு கெட்டுப்போய்விட்டது, கான்கிரீட் சேதமாகிறது என்று 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்தார். யார் எவ்வளவு கட்டுவது என்று பேசிப் பேசியே நாள் போனது. ஒன்றரைக் கோடி டாலர் வசூலிக்க முடிவானது 2021 ஏப்ரலில். பணம் கட்டத் தொடங்க வேண்டிய நாள் ஜூலை 1. கட்டடம் ஜூன் 24 அன்றே இடிந்தது. 98 பேர் இறந்தார்கள். மறு வருஷமே அங்கே சட்டம் வந்தது: 3 மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகளுக்கு 30 வயதானதும் கட்டாயப் பரிசோதனை, கூரை, தூண் போன்றவற்றுக்குத் தனி நிதி. வேண்டாம் என்று வாக்கெடுத்துத் தள்ளிப்போடவும் அந்தச் சட்டம் அப்போது வழி வைக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். துருக்கறை கோடாக இறங்கியிருந்தால் பொதுக்குழு வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: மூன்று பேர் மின்கார் வாங்கிவிட்டார்கள். அவரவர் சார்ஜரை மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

பதில்: மூன்று பேர் வரை ஓடும். ஒரு சார்ஜர் 7.4 கிலோவாட் என்றால், 40 பேர் வேலை முடிந்து வந்து ஒன்றாகச் செருகும்போது 296 கிலோவாட். உங்கள் மின் இணைப்பு தாங்காது. பெரும்பாலான கார்கள் ராத்திரி முழுக்கச் சும்மாதான் நிற்கின்றன, அதனால் மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு போதும். மின்கம்பி போகும் குழாய்ப் பாதையை இப்போதே எல்லா இடத்துக்கும் போட்டுவிடுங்கள், சார்ஜர் அப்புறம். யூனிட் கணக்கு ஆளுக்குத் தனி மீட்டரில் வரட்டும், இல்லாவிட்டால் கார் இல்லாதவர் சண்டைக்கு வருவார். அதில் நியாயமும் இருக்கிறது.

கேள்வி: செல்போனில் வாக்களிக்கலாமா?

பதில்: சங்கத்தின் துணைவிதி, அதாவது அதன் உள்விதிகள், இடம் கொடுத்தால் தாராளமாக.

கேள்வி: செயலாளர் பதவிக்கு ஆளே வருவதில்லை. நிர்வாக நிறுவனத்திடம் விட்டுவிடலாமா?

பதில்: வசூல், காவலாளி, ஏஐ எழுதித் தரும் கூட்டக் குறிப்பு எல்லாம் வெளியே போகட்டும். காசோலைக் கையெழுத்தும் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லும் மட்டும் சங்கத்திடமே இருக்க வேண்டும், அதுவும் இரண்டு பேரிடம்.