4 ஓம் அம்ப்ளிஃபையருக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி

தம்பி, குறைந்தது 4 ஓம் (மின்தடை அளவு) என்று எழுதிய ட்ரான்சிஸ்டர் பேஸ் கிட்டார் அம்பில் (அம்ப்ளிஃபையரில்) உங்கள் 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டியோடு, புதுக்குடியிருப்பில் இரவல் வாங்கிய 4 ஓம் பெட்டியையும் கொழுவினால் திருவிழாவில் பாதியில் நிற்கிறது என்கிறீர்கள். நிற்காமல் என்ன செய்யும்? இரண்டும் சமாந்தரமாகச் சேர்ந்தால் 2.67 ஓம்தான், அம்ப் கேட்கும் 4-ஐ விடக் குறைவு. பெட்டிக்குப் பெட்டி தொடுத்தாலும் அதே கணக்கு.

4 ஓம் பெட்டியை மட்டும் போடுங்கள். இல்லையென்றால் இன்னொரு 8 ஓம் தேடுங்கள். இரண்டு 8 சேர்ந்தால் 4, சரி. பெட்டியை அம்பிலிருந்து கழற்றி, ஓம் அளக்கும் மீற்றரால் அளந்தும் பாருங்கள். 8 ஓம் பெட்டி ஏறக்குறைய 6 காட்டும், அது சரிதான். கிளிநொச்சியில் நான் வாங்கிய பழைய பெட்டியின் முதுகில் 8 என்றிருந்தது, மீற்றர் 3 காட்டியது. யாரோ ஸ்பீக்கரை மாற்றியிருக்கிறார்கள்!

அப்புறம், கிட்டார் வயரால் பெட்டியைக் கொழுவாதீர்கள். உள்ளே கம்பி மெல்லிசு, சூடாகும்.