52 பேர் 'போடுங்க ஆச்சி' என்றார்கள், கடை போடலாமா?

கேள்வி: காரைக்குடியில் பத்து வருடமாகத் தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம் செய்து விற்கிறேன். தேவகோட்டையில் இன்னொரு கடை போட ஆசை. கடைக்கு வந்தவர்களில் 60 பேரிடம் கேட்டேன். 52 பேர் "போடுங்க ஆச்சி, கட்டாயம் வாங்குவோம்" என்றார்கள். வணிகவியல் படிக்கும் மகனோ, 400 பேரிடமாவது கேட்காமல் பணத்தைப் போடாதே என்கிறான். எது சரி?

பதில்: ஆச்சி, மகன் சொல்லும் 400 வாய்க்கு வந்த எண் இல்லை. ஓர் ஊரில் சீட்டுக் குலுக்குவது போல 400 பேரை எடுத்துக் கேட்டு, 60 விழுக்காடு 'ஆம்' என்று வந்தால், உண்மை 55க்கும் 65க்கும் நடுவே இருக்கும் என்று நூற்றுக்கு 95 தடவை நம்பலாம். 100 பேர் என்றால் இந்த இடைவெளி இரு பக்கமும் பத்து பத்தாக விரியும்.

ஆனால் உங்கள் சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, கேட்ட ஆட்களில் இருக்கிறது. அறுபது பேரும் உங்கள் பலகாரம் பிடித்துத் தேடி வந்தவர்கள், அதுவும் காரைக்குடிக் கடைக்கு. நீங்களே பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டால் யார் முகத்துக்கு நேரே வேண்டாம் என்பார்கள்? இப்படி 4,000 பேரிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடி பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது. முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலும் கார் பதிவிலும் எடுத்திருந்தார்கள். ஏழை வீடுகள் அதில் குறைவு. பதில் போடாதவர்களும் ஏராளம். கடைசியில் 48 மாநிலங்களில் 46-ஐ அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் பிடித்தார்.

உங்கள் ஊர் வழக்கத்தையே பாருங்கள். நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமானால் ஒரு புள்ளி. ஒரே வீட்டில் கல்யாணமான அண்ணன் தம்பி மூவர் இருந்தால் மூன்று புள்ளி. எதை 'ஒன்று' என்று எண்ணுகிறோம் என்பதில் குழப்பமே இல்லை, பட்டியலும் கையில் இருக்கிறது. புள்ளியியலில் பாதி வேலை இதுதான். உங்களுக்கு 'ஒன்று' என்பது ஓர் அடுப்பு, அதாவது சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் ஒரு குடும்பம். ஆளுக்கு ஆள் கேட்காமல் அடுப்புக்கு அடுப்பு கேளுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் உங்கள் பில் புத்தகம். தேவகோட்டையிலிருந்து ஏற்கெனவே எத்தனை பேர் வந்து வாங்கியிருக்கிறார்கள், எந்த மாதத்தில்? காசு செலவில்லாமல் கிடைக்கும் தகவல் இது. ஆனால் சராசரியை நம்பிவிடாதீர்கள். ஒன்பது பில் 150 ரூபாய், ஒரு கல்யாண ஆர்டர் 15,000 என்றால் சராசரி 1,635. அப்படி ஒரு பில்லே உங்கள் புத்தகத்தில் இல்லை. பில்களை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதைப் பாருங்கள். ஆர்டரைத் தனியே எழுதுங்கள்.

அப்புறம் தேவகோட்டையில் சில தெருக்களைச் சீட்டுப் போட்டு எடுத்து, பத்தாவது வீடு பத்தாவது வீடாகப் போகலாம். நீங்கள் போகாதீர்கள், உங்களைத் தெரியாத ஒருவர் போகட்டும். "வாங்குவீர்களா" என்று கேட்கவே கூடாது. "போன மாதம் பலகாரம் எங்கே வாங்கினீர்கள், எவ்வளவுக்கு?" என்று கேட்கட்டும். நடந்ததைச் சொல்வதில் உபசாரத்துக்கு இடம் குறைவு.

செட்டிநாட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பத்தாவது வீடு பூட்டியிருக்கும். திறந்திருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டால் கணக்கு கெட்டது. பூட்டு என்றே குறித்துக்கொள்ளுங்கள். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் அந்த வீட்டுக்காரர்கள் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும், அறுபது, எண்பது வயதுச் சாந்திக்கும், கல்யாணத்துக்கும் வரும்போதுதான் பலகாரம் படி படியாக வேண்டும். சாதாரண மாதத்தில் வீடு வீடாகக் கேட்டால் உங்கள் பெரிய வாடிக்கையே பட்டியலில் வராது. அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்பவர்களிடமும், விசேஷத்துக்குச் சமைப்பவர்களிடமும் தனியாக விசாரியுங்கள்.

வீடு வீடாகப் போவதற்கு முன்னால், தேவகோட்டையில் ஒரு மளிகைக் கடையில் ஒரு மாதத்துக்கு நான்கு டப்பா வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு டப்பாவும் எந்தத் தேதியில் காலியானது என்று மூடியில் எழுதச் சொன்னால் போதும்.