உதடு, வாய், கன்னம்: லத்தீன் வழி மொழிகளில் எப்படி? (கேள்வி பதில்)

கேள்வி: இத்தாலியன் படிக்கிறேன். ஒரு உதடு 'இல் லாப்ரோ' ('இல்' என்பது ஆங்கில 'the' மாதிரி முன்னால் வரும் சொல்), ஆண்பால். இரண்டு உதடும் சேர்ந்தால் 'லெ லாப்ரா', பெண்பால். ஏன் இப்படி?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. லத்தீனில் உதட்டுக்கு 'லாப்ரும்' (labrum), 'லாபியும்' (labium) என்று இரண்டு சொற்கள். 'லாப்ரும்' என்ற சொல் ஆணும் அல்லாத பெண்ணும் அல்லாத மூன்றாம் பால், அதன் பன்மை லாப்ரா. பிறகு அந்த மூன்றாம் பாலே வழக்கில் தேய்ந்துபோனது. 'ஆ' என்று முடிந்தால் பெண்பால் என்றே காது பழகிவிட்டதால், இத்தாலியர்கள் லாப்ராவைப் பன்மையாகவே வைத்துக்கொண்டு பெண்பாலில் சேர்த்துவிட்டார்கள், பிரெஞ்சுக்காரர்களோ அதே லாப்ராவை ஒருமை என்று எடுத்துக்கொண்டு 'லேவ்ர்' ஆக்கினார்கள். இன்னொன்று, இத்தாலியனில் 'ஈ லாப்ரி' என்று ஆண்பால் பன்மையும் உண்டு. அது முகத்து உதடு இல்லை, வெட்டுக்காயத்தின் இரண்டு விளிம்புகள்.

கேள்வி: ஸ்பானிஷ், போர்த்துகீஸ்?

பதில்: 'லாபியும்' என்ற சொல்லின் வழியில் வந்தவை, லாபியோ, லாபியு. போர்த்துகீஸில் பேச்சுவழக்கில் 'பெய்சு' என்றும் உண்டு, தடித்த உதடு, மாட்டு உதடு எல்லாம் அதுதான். குழந்தை உதட்டைப் பிதுக்கினாலும் அந்தச் சொல்தான் வரும்.

கேள்வி: ருமேனியனில் 'பூஸ' என்கிறார்களே, லத்தீன் மாதிரியே இல்லையே?

பதில்: ஆமாம், அது லத்தீன் இல்லை. அல்பேனிய மொழியிலும் உதட்டுக்கு ஏறக்குறைய அதே சொல்தான்.

கேள்வி: வாய்க்கு லத்தீனில் ஓஸ். அது எங்கே போனது?

பதில்: நமக்கு இது சட்டென்று புரியும். நெடிலில் ஓஸ் என்றால் வாய், குறிலில் ஒஸ் என்றால் எலும்பு. நம் கல், கால் மாதிரி. பேச்சு லத்தீனில் குறில் நெடில் வேறுபாடு அழிந்ததும் இரண்டும் மோதிக்கொண்டன. அப்புறம் கன்னத்தைக் குறித்த 'புக்கா' வாய்க்கு வந்துவிட்டது: ஸ்பானிஷ் போக்கா, பிரெஞ்சு பூஷ். ருமேனியர்கள் தொண்டையைக் குறித்த 'குலா'வை எடுத்து 'குர' என்றார்கள். மருந்துச்சீட்டில் வரும் 'ஓரல்' அந்தப் பழைய ஓஸின் மிச்சம்.

கேள்வி: சரி, கன்னத்துக்கு?

பதில்: புக்கா இடம் மாறியதால் ஆளுக்கொரு சொல். ஸ்பானிஷில் 'மெஹீயா', லத்தீனில் தாடையைக் குறித்த சொல்லிலிருந்து. ருமேனியனில் 'ஒப்ராஸ்', ஸ்லாவியக் கடன்.