கேளுங்க சொல்றேன்: கிராஃபீன் மேல் எல்இடி முளைக்குமா?

கேள்வி: எல்இடிக்கான படிகத்தை கிராஃபீன் மேல் வளர்ப்பதாகப் படித்தேன். ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாளில் எதற்கு வளர்க்க வேண்டும்? எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்கு இதை எடுக்கலாமா?
– இயற்பியல் மாணவி, கொருக்குப்பேட்டை

பதில்: எடுக்கலாம் மகளே, பொருளை மட்டும் மாற்றிக்கொள்.

நீல எல்இடிக்கு உயிர் காலியம் நைட்ரைடு என்ற படிகம். வழக்கமாக அதை சஃபயர் தட்டின் மேல் 1000 டிகிரி வாக்கில் வளர்ப்பார்கள். இரண்டின் அணு இடைவெளியும் ஏறக்குறைய 16 சதவீதம் ஒத்துப்போகாது. நம்ம ஹார்பரில் கன்டெய்னர் அடுக்கும்போது கீழ்ப்பெட்டி மூலையில் ட்விஸ்ட் லாக் என்ற பூட்டு இருக்கும். மேல்பெட்டியின் ஓட்டை அதில் சரியாக உட்கார வேண்டும். அளவு மாறினால் உட்காராது. அணுக்களோ விடாமல் மாட்டப் பார்க்கும். விளைவு, சதுர சென்டிமீட்டருக்குக் கோடிக்கணக்கில் வரிசைப் பிசகு.

கிராஃபீனில் அந்த லாக்கே கிடையாது. ஒவ்வொரு கார்பனும் பக்கத்து மூன்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது; மேலே நீட்டக் கை மிச்சமில்லை. வான் டெர் வால்ஸ் என்ற பலவீனமான ஈர்ப்பு மட்டும்தான். அதனால் படிகம் தன் அளவிலேயே வளரலாம், பிறகு உரித்தும் எடுக்கலாம். ஜப்பானின் அட்சுஷி கோமா இந்த வழியைச் சொன்னது 1984-ல், கிராஃபீன் கைக்கு வருவதற்கு 20 வருஷம் முன்பு! கிராஃபீன் மின்சாரமும் கடத்தும், ஒளியில் 2.3 சதவீதத்தைத்தான் விழுங்கும்.

வம்பும் அங்கேதான். பிடிமானம் இல்லாததால் அணுக்கள் வழுக்கி ஓடி, அங்கங்கே குவிந்துவிடும். 2010-ல் சியோல் தேசியப் பல்கலைக்கழகக் குழு, ஆக்சிஜன் பிளாஸ்மாவால் (மின்னேற்றிய வாயு) கிராஃபீனை, அணுக்களுக்குப் பிடிமானம் கிடைக்க, லேசாகக் காயப்படுத்தி, துத்தநாக ஆக்சைடு சுவர்களை எழுப்பி, அவற்றின் மேல் காலியம் நைட்ரைடை வளர்த்தது. எல்இடி எரிந்தது, கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் மேலும் மாற்றிக் காட்டினார்கள். எனக்கு அதில் பிடித்ததே அந்தக் காயம்தான்.

காலியம் நைட்ரைடு உலைக்கு நம்ம காலேஜ்கள் எங்கே போகும்? நீ துத்தநாக ஆக்சைடோடு நில். ஜிங்க் நைட்ரேட், ஹெக்ஸமின் கரைசலில் 90 டிகிரி ஓவனில் சில மணி நேரம் வைத்தால் நானோ கம்பிகள் வளரும். தட்டைக் கவிழ்த்து வை, இல்லையென்றால் வண்டல் படிந்து கெடுத்துவிடும். கிராஃபீனின் ஒரு பாதிக்கு கம்பிகள் முளைக்கத் தொடங்க ஜிங்க் அசிடேட் விதை போடு, மறுபாதியை வெறுமனே விடு. இந்த வித்தியாசம்தான் உன் ப்ராஜெக்ட்.

கம்பிகள் ஒளிர்கின்றனவா என்று பார்க்க பர்மா பஜாரில் யூவி டார்ச் தேடலாம். ரூபாய் நோட்டு பார்க்கிற டார்ச் பலதும் 395 நானோமீட்டர் அலைநீளம், துத்தநாக ஆக்சைடை ஒளிரவைக்க அது போதாது, 365 கேள். எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்துக்கு ஐஐடி மெட்ராஸின் சைஃப் என்ற ஆய்வுக் கருவி மையத்தில் காசு கட்ட வேண்டும், கைடிடம் இப்போதே கையெழுத்து வாங்கிவிடு.