விசேட தேவையுடையோரும் வழிபாடும்: கேள்வி பதில்

இலங்கையின் ஹட்டன் பகுதியில் விசேட கல்வி வகுப்பிலும் கத்தோலிக்கப் பங்கு மறைக்கல்வியிலும் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அறிவுசார் குறைபாடு, ஓட்டிசம், டவுன் சின்ட்ரோம் முதலியவற்றோடு வாழ்பவர்களின் சமய வாழ்வு பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதிலளிக்கிறார். மருந்து பற்றிய கேள்விகளை வைத்தியரிடமும் ஆகம விதி பற்றிய கேள்விகளைக் குருக்களிடமும் கேட்கும்படி அவர் தொடக்கத்திலேயே வேண்டிக்கொண்டார்.

டீச்சர், என் மகளுக்குப் பதினொரு வயது. டவுன் சின்ட்ரோம் பிள்ளை. செபங்களை மனனமாகச் சொல்ல முடியாததால் இந்த வருடமும் முதல்நன்மைக்கு (நற்கருணையை முதன்முறை பெறும் சடங்குக்கு) எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (தலவாக்கலை)

மனனம் ஒரு நிபந்தனை என்று திருச்சபைச் சட்டம் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 913ஆம் பிரிவு, கிறிஸ்துவின் மறைபொருளைப் பிள்ளை தன் ஆற்றலுக்கு ஏற்ற அளவில் விளங்கிக்கொண்டு, விசுவாசத்தோடும் பக்தியோடும் நற்கருணையை உட்கொள்ளப் போதிய அறிவும் ஆயத்தமும் பெற்றிருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. மரண ஆபத்திலுள்ள பிள்ளையாயின், சாதாரண உணவிலிருந்து அதை வேறுபடுத்தி அறிந்து மரியாதையோடு பெற்றாலே போதும் என்று அதே பிரிவு மேலும் தளர்த்துகிறது. உடலிலோ உள்ளத்திலோ குறைபாடு உள்ளவர்களுக்கும் அவர்களுடைய நிலைமை இடங்கொடுக்கும் அளவில் மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்று 777ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே நீங்கள் சலுகை கேட்கவில்லை. மறையாசிரியரோடு வாதாடாமல் பங்குத்தந்தையை நேரில் கண்டு, இந்த இரண்டு இலக்கங்களையும் பணிவாகச் சொல்லுங்கள்.

ஆயத்தத்தை வீட்டிலேயே தொடங்கலாம். வீட்டில் தேநீரோடு பாணைத் தின்னும்போது மகள் எப்படி இருக்கிறாள், திருப்பலியில் எல்லாரும் முழந்தாளிடும்போது எப்படி இருக்கிறாள் என்று கவனியுங்கள். அந்த வேறுபாட்டை அவள் உடலாலேயே காட்டுவாளாயின், வாய்ப்பாடமாகச் சொல்லும் பல பிள்ளைகளைவிட அவள் முன்னால் நிற்கிறாள். வசீகரிக்கப்படாத, அதாவது திருப்பலியில் இன்னும் நற்கருணையாக்கப்படாத, அப்பத்தைக் கேட்டு வாங்கி, அதன் சுவையும் நாவில் ஒட்டும் தன்மையும் பழகும்வரை சிறு துண்டாகக் கொடுத்துப் பாருங்கள். கோவிலுக்குள் நுழைவது முதல் இருக்கைக்குத் திரும்புவது வரை நடப்பவற்றைப் படங்களாக வரிசைப்படுத்தி நாள்தோறும் காட்டுங்கள். ஒரே இருக்கையில், முடிந்தால் முன்வரிசையில், அமர்த்துங்கள். திண்மமான எதையும் விழுங்க முடியாதவர்களுக்குத் திராட்சை இரச வடிவத்தில் மட்டும் வழங்குவதற்கும் 925ஆம் பிரிவில் இடமுண்டு.

என் மகனுக்கு ஆறு வயது, இன்னும் பேசவில்லை. ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் பேசியதுபோல நடக்கும் என்று முருகனுக்கு நேர்ந்திருக்கிறோம். எந்தக் கோயிலுக்குக் கொண்டுபோகலாம்? (மஸ்கெலியா)

எந்தக் கோயில் என்று சொல்ல நான் தகுதியுடையவள் அல்லள். முதலில் மகனின் செவிப்புலனைப் பரிசோதித்துவிட்டீர்களா? பேசாத பிள்ளையை ஊர் ஊராகக் கூட்டிச் சென்று நேர்த்தி செலுத்திய பிறகே அவனுக்குக் காது கேட்பதில்லை என்று அறிந்த குடும்பங்கள் நம் தேயிலைத் தோட்டங்களில் உண்டு. காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் காட்டுங்கள்; பேச்சுச் சிகிச்சைக்கும் பெயர் பதியுங்கள்.

குமரகுருபரரின் வரலாற்றை நானும் விரும்பிக் கேட்பவள்தான். ஆனால் அதைப் பேசாத ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காலக்கெடுவாக வைத்தால், ஐந்து வயது கடந்ததும் பிள்ளை தோற்றுவிட்டதாகவோ தெய்வம் கைவிட்டதாகவோ பெற்றோர் எண்ணத் தொடங்குகிறார்கள். அதே சைவ மரபில்தான் வேதமும் விதியும் அறியாத கண்ணப்பரின் வழிபாட்டை இறைவன் விரும்பி ஏற்ற வரலாறும் இருக்கிறது. மகன் மணியோசைக்குத் திரும்பிப் பார்க்கிறானா, தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறானா, திருநீறு பூச நெற்றியைக் காட்டுகிறானா? அவனுடைய வழிபாடு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கக்கூடும். பேச வைப்பதற்காக மட்டும் கோயிலுக்குக் கொண்டுபோகப்படும் பிள்ளை அந்த எதிர்பார்ப்பின் பாரத்தை உணர்கிறது.

தம்பிக்குப் பிறவியிலிருந்தே அறிவு வளர்ச்சி குறைவு, வலிப்பும் உண்டு. செபக் கூட்டத்தில் கைவைத்துச் செபித்த பிறகு, மாத்திரையை விடுவதே விசுவாசம் என்று சொன்னார்கள். (நோர்வூட்)

நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டிருந்தால் இன்றே கிளினிக்கைத் தொடர்புகொள்ளுங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டால், வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிரையே பறிக்கலாம். செபிப்பவர் செபிக்கட்டும், மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியரின் வேலை. வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கையில் சாவியும் இரும்பும் கொடுக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தைக் கடந்தால் அம்புலன்ஸ் சேவையை 1990இல் அழையுங்கள்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஓட்டிசம் உள்ள மகனைக் கூட்டிப் போனால் தப்பு மேளச் சத்தத்தில் அலறுகிறான். வீட்டில் விட்டுவிடுவதா? (கொட்டகலை)

விட்டுவிட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். கூட்டமும் ஒலிபெருக்கியும் இல்லாத காலைப் பூசைக்குக் கொண்டுபோய், அதே பூசாரியின் கையால் விபூதி வாங்கப் பழக்குங்கள். தேர் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலுக்கு வரும்போது, காதை மூடும் கவசம் அணிவித்துத் தூரத்திலிருந்து பார்க்கச் செய்யலாம். வெடி கொளுத்தப்போகும் இடத்தை முன்கூட்டியே அறிவிக்கும்படி கோயில் கமிட்டியிடம் கேளுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. தீமிதிப்பில் மட்டும், நேர்த்தி யாருடையதாயினும், தீ சுடும் என்று விளங்கிக்கொள்ள முடியாத ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள்.

இது முற்பிறப்புப் பாவமா? (பதுளை)

டவுன் சின்ட்ரோமுக்குக் காரணம் இருபத்தோராவது நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருப்பது. பிறவிக்குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமில்லை என்று இயேசு சொன்னதாக யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. வினைக்கொள்கை பற்றிச் சைவப் பெரியவர்கள் பேசட்டும். பிள்ளையைப் பெற்றவளிடம் போய் அதைப் பேசுவது எந்தச் சமயத்திலும் அறமாகாது.

பிரார்த்தனையால் ஓட்டிசம் குணமாகுமா? (பண்டாரவளை)

மஸ்கெலியாத் தாய்க்கு எழுதியதைப் படியுங்கள்.

அறிவுசார் குறைபாடுள்ள என் சகோதரர் நோன்பு பிடிக்காவிட்டால் குற்றமா? (கம்பளை)

உறங்குபவர் விழிக்கும்வரை, சிறுவர் பருவமடையும்வரை, புத்தி தெளிவற்றவர் தெளிவடையும்வரை இவர்கள்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது குற்றம் எழுதப்படுவதில்லை, என்னும் நபிமொழியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். உங்கள் சகோதரர் அதில் எங்கே அடங்குகிறார் என்பதை அவரை நேரில் அறிந்த மௌலவியிடம் கேளுங்கள்.

எங்கள் வாலிபர் சங்கம் நத்தாருக்கு ஒரு விசேட தேவையுடையோர் இல்லத்துக்குப் பரிசுகளோடு போக விரும்புகிறது. ஆலோசனை கூறுங்கள். (நுவரெலியா)

படம் எடுத்து முகநூலில் போடுவதற்காகப் போகிறீர்களாயின் போகவேண்டாம். மாதம் ஒருமுறை, அதே ஆட்கள், அதே நேரத்தில், பரிசின்றிப் போக முடியுமாயின் போங்கள். வருடத்துக்கு ஒருநாள் வந்து கட்டிப்பிடித்துவிட்டு மறைந்துபோகிறவர்களை, அங்குள்ளவர்கள் மறுநாள் முழுதும் வாசலில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னுமொன்று, இதை நான் எங்கும் சொல்லாமல் விடுவதில்லை: பெரியவர் எவரும், சுவாமியாயினும் குருக்களாயினும் பாஸ்டராயினும், விசேட தேவையுடையோரில் ஒருவரோடு மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது. 1964இல் பிரான்சில் லார்ஷ் சமூகத்தைத் தொடங்கி, அறிவுசார் குறைபாடுடையவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, வாழும் புனிதராக உலகமே போற்றிய ஜான் வானியே, ஆன்மீக வழிகாட்டல் என்ற பெயரில் ஆறு பெண்களையேனும் பாலியல்ரீதியாகத் துன்புறுத்தினார் என்று அச்சமூகமே ஏற்பாடு செய்த விசாரணை 2020இல் வெளிப்படுத்தியது. அப்பெண்கள் குறைபாடு உடையவர்கள் அல்லர். பேசத் தெரிந்த அவர்களுக்கே உண்மையைச் சொல்ல அத்தனை காலம் எடுத்ததென்றால், பேசாதவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் பற்றிச் சந்தேகம் எழுந்தால், சிறுவர் பாதுகாப்புக்கான 1929 இலக்கத்தை அழையுங்கள்.

எங்கள் லயத்து இளைஞன் ஒருவனுக்கு இருபத்தைந்து வயது, சிறுபிள்ளையின் அறிவு. அரிசியும் பருப்பும் கொண்டுவந்த ஒரு சபையார் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். இது முறையா? நான் இந்து அறநெறி வகுப்பு ஆசிரியன். (பொகவந்தலாவை)

அவன் வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் கேட்கப்பட்டானா என்பதே என் முதற்கேள்வி. பொதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விக்குக் கிடைத்த தலையசைப்பைச் சம்மதமென்று நான் எண்ணமாட்டேன்.

ஞானஸ்நானம் கொடுத்த அந்தச் சபையின் ஊழியன் என்ற முறையில் பதிலளிக்கிறேன். பாடல் கேட்டுக் கண்ணீர்விட்டவனைத் தடுக்க நீங்கள் யார்? அறிவு வேண்டுமென்றால் குழந்தைகளுக்கு உங்கள் திருச்சபை ஞானஸ்நானம் கொடுப்பதேன்? (டிக்கோயா)

நல்ல கேள்வி. குழந்தைக்கு நாங்கள் கொடுப்பது, அதை விசுவாசத்தில் வளர்ப்போம் என்று உறுதிகூறும் பெற்றோரின் வேண்டுகோளின்படி. இவனுடைய தாய்க்கு நீங்கள் சொல்லவே இல்லை. நீங்களோ தானாக விசுவசித்தவனுக்கே ஞானஸ்நானம் என்று போதிப்பவர்கள். அப்படியானால் அவனே விசுவசித்தான் என்று உறுதிசெய்யும் பொறுப்பு உங்களுக்கு எங்களைவிட அதிகம். இசைக்குக் கண்ணீர்விடும் பிள்ளைகள் என் வகுப்பில் பலர். அவர்கள் தோட்டத்து இந்துக்கள் ஆடும் காமன் கூத்துப் பாட்டுக்கும் கண்ணீர்விட்டார்கள்.

அப்படியானால் 2004இல் கொண்டுவந்த மதமாற்றத் தடை மசோதா சரியென்று ஒப்புக்கொள்கிறீர்களா? (பொகவந்தலாவை)

இல்லை. அந்த மசோதாவின் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் அப்போதே தீர்மானித்தது. தான் விரும்பும் மதத்தை மேற்கொள்ளும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. அதில் அறிவுசார் குறைபாடுள்ளவரைத் தவிர என்று எழுதப்படவில்லை. இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய, விசேட தேவையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையும், அவர்கள் தாமே முடிவெடுக்க உதவ வேண்டும் என்றே சொல்கிறது. எனவே ஐயா, அவன் சபையாரின் கணக்கில் ஒரு தலையும் அல்லன், உங்கள் கோயிலின் சொத்தும் அல்லன். வேறொரு நாளில், பொதியின்றி, இரு தரப்பாரும் இல்லாமல், அவன் நம்பும் ஒருவர் படங்களைக் காட்டி எங்கே போக விருப்பம் என்று கேட்கட்டும். சில வாரம் கழித்து மீண்டும் கேட்கட்டும். ஒரே பதில் வந்தால் அதை இருவரும் மதியுங்கள். இருபத்தைந்து வருடத்தில் அவனை அறநெறி வகுப்புக்கு யாராவது அழைத்தார்களா என்பதற்கும் நீங்கள் பதில் சொல்லலாம். இவ்விவாதத்தை இத்தோடு நிறுத்துகிறேன்.

செபத்தால் டவுன் சின்ட்ரோம் மாறுமா? (வட்டவளை)

மாறாது. மேலே உள்ளவற்றைப் படிக்காமல் கேட்கும் அடுத்தவருக்குப் பதில் எழுதமாட்டேன்.

அம்மா இறந்து இரண்டு மாதம். அண்ணனுக்கு முப்பத்துநான்கு வயது, அறிவுசார் குறைபாடு. பயந்துவிடுவார் என்று அவரைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடக்கம் செய்தோம், கருமாதிக்கும் அழைக்கவில்லை. இப்போது மாலையானதும், தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தடியில் போய் நிற்கிறார். (மாத்தளை)

அம்மா வேலை முடிந்து வரும் வழி அது. வரவில்லை என்று யாரும் அவருக்குச் சொல்லாததால் காத்திருக்கிறார். இறந்துவிட்டார் என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். தூங்குகிறார் என்றால் அவர் உறங்கப் பயப்படுவார். சாமியிடம் போயிருக்கிறார் என்றால் திரும்பி வரும் நாளைக் கேட்பார். அம்மாவின் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வரமாட்டார், அது உங்கள் குற்றமில்லை என்று சிறு வாக்கியங்களாகச் சொல்லுங்கள்.

பிறகு புதைத்த இடத்துக்கு அழைத்துப் போய், பூவும் ஊதுபத்தியும் அவர் கையாலேயே வைக்கச் செய்யுங்கள். கருமாதி முடிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். மூத்த மகனாக அவர் செய்யக்கூடியது என்ன என்று உங்கள் பூசாரியிடம் கேட்டு, அமாவாசையிலோ திதியிலோ அதை அவரைக் கொண்டே செய்வியுங்கள். வீட்டில் அம்மாவின் படத்துக்கு விளக்கேற்றும் வேலையை அவருக்கே கொடுங்கள். மடுவத்துக்குக் கிளம்பும் அதே நேரமாக அது இருக்கட்டும். சில நாள் இரண்டையும் செய்வார். மடுவத்துக்குப் போனால் தடுக்காமல், நீங்களும் கூடப் போய் நின்றுவிட்டு அழைத்து வாருங்கள். அம்மா எங்கே என்று எத்தனை தடவை கேட்டாலும் அதே சொற்களில் பதில் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அந்தச் சொற்களைச் சொல்லிவையுங்கள்.